ரத்தினகிரி காதுகுத்து (குடும்பக் குழு)

ஆற்காடு அக்கா: மாமா, பெங்களூரு ஆபீஸ்காரங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதினேன். பாருங்க. இன்னிக்கே அனுப்பணும்.
"வி விஷ் யூ வில் அட்டெண்ட் டு தி பங்ஷன். சே அஸ் ஹவ் மெனி ஆர் கம்மிங். ஆஃப்டர் லஞ்ச் தி பஸ் வில் பிரிங் யூ டு காட்பாடி. ரிமெம்பர் யுவர் டீம் ஆல்சோ."

ராணிப்பேட்டை அண்ணன்: நல்லா கீது. அனுப்பு 👍

காட்பாடி மாமா: அனுப்பாதேம்மா. அஞ்சு வினை மாத்தணும்.
'விஷ்' போட்டு பின்னால 'வில்' வராது. 'விஷ் யூ குட் கம்'னு எழுதினா, வர முடியாதவங்களைப் பாத்து ஏங்கறதா ஆயிடும். வருவீங்கன்னு நம்பறோம்னா 'ஹோப்'.

குடியாத்தம் சித்தி: பர்த்டேக்கு விஷ் பண்றோமே அண்ணா

காட்பாடி மாமா: அங்க 'விஷ்', அடுத்து ஆள், அடுத்து பெயர்ச்சொல். 'விஷ் யூ எ ஹாப்பி பர்த்டே'. வாக்கிய அமைப்பே வேற.
'அட்டெண்ட்' மட்டும் போதும். 'டு' சேர்த்தா விழா வேலையை அவங்க கவனிக்கணும்னு அர்த்தம்.
'டெல்' உடனே ஆளைக் கேக்கும்: 'டெல் அஸ்'. 'சே'வுக்கு ஆள் வேணும்னா நடுவுல 'டு' வரணும். 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை' ரெண்டும் ஆள் இல்லாமலே நிக்கும், அது விதிவிலக்கு.

பெரிம்மா: பேடா எத்தனை கிலோ சொல்லட்டும்? ஆற்காட்டுலயே வாங்கிடலாம்

குடியாத்தம் சித்தி: அதுக்கு முன்ன பெரிய அண்டா யார்கிட்ட கீது?

பெரிம்மா: உன்கிட்டதான். ஆடிக் கிருத்திகைக்கு வாங்கினு போனியே

குடியாத்தம் சித்தி: அப்பவே திருப்பிக் குடுத்துட்டேன் அக்கா

காட்பாடி மாமா: அக்கா குடுத்தது 'லெண்ட்', 'டு' வரும். நீ வாங்கினது 'பாரோ', 'ஃப்ரம்' வரும். காசு குடுத்து எடுக்கற பஸ்ஸுக்கு 'ஹயர்'தான்.

குடியாத்தம் சித்தி: அண்ணா, இப்ப இது வேணுமா

ஆற்காடு அக்கா: மாமா பஸ் வரி?

காட்பாடி மாமா: விழா அன்னிக்கு நீ கோயில்ல இருப்பே. உன்கிட்ட கூட்டினு வர்றது 'பிரிங்', உன்னை விட்டுக் கூட்டினு போறது 'டேக்'. காலையில பஸ் 'பிரிங்', சாப்பாட்டுக்கு அப்புறம் 'டேக்'. தமிழ்ல வா, போ வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும். ஞாபகம் வச்சுக்கறது 'ரிமெம்பர்', ஞாபகப்படுத்தறது 'ரிமைண்ட்'.
அகராதியில அர்த்தத்தோட நிறுத்திக்காதீங்க. ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் ஜப்பான்ல பாடம் நடத்தி, 1942-ல டோக்கியோவுல வந்த அகராதியிலயே ஒவ்வொரு வினைக்கும் பின்னால என்ன வரும்னு வாய்ப்பாடு குடுத்தார். ஒரே அர்த்தமுள்ள ரெண்டு வினைல குழம்பினா அந்த வாய்ப்பாடுதான் கை குடுக்கும்.

ராணிப்பேட்டை அண்ணன்: மடியில உக்காத்தி வச்சுக்கற தாய்மாமன் நானு. எனக்கு எத்தனை மணிக்கு பஸ்?

ஆற்காடு அக்கா: "வி ஹோப் யூ வில் அட்டெண்ட் தி பங்ஷன். டெல் அஸ் ஹவ் மெனி ஆர் கம்மிங். தி பஸ் வில் பிரிங் யூ டு தி டெம்பிள் அண்ட் டேக் யூ பேக் டு காட்பாடி. ப்ளீஸ் ரிமைண்ட் யுவர் டீம்."

காட்பாடி மாமா: சரி. 'டெல்' முன்ன 'ப்ளீஸ்' போடு, வெறுமனே இருந்தா அதட்டற மாதிரி இருக்கும்.

ஆற்காடு அக்கா: போட்டேன். பஸ் ஏழா, ஏழரையா?

ராணிப்பேட்டை அண்ணன்: டிரைவரைக் கேட்டு சொல்றேன்

பெரிம்மா: அண்டா பரண்ல இல்லடி. நல்லா தேடிப் பாத்துட்டேன்

குடியாத்தம் சித்தி: நாளைக்குப் பேசலாம் அக்கா