மனதுக்குள் முடிந்துபோன ஓவியம்: குரோச்சே சொல்வது சரியா?

நெடுங்கணக்கு:
இத்தாலியத் தத்துவவாதி பெனெடெட்டோ குரோச்சேயின் அழகியல் நூலை (1902) மறுபடி எடுத்தேன். "மனசுல அருமையான படம் இருக்கு, வரையத்தான் கை வரலை" என்கிறவர்களை ஒரே போடாகப் போடுகிறார். அப்படி ஒரு படமே உன்னிடம் இல்லை, மங்கலாக ஏதோ ஓடுகிறது, அவ்வளவுதான் என்கிறார். உள்ளுணர்வும் (ஒன்றை மனதில் தெளிவாகக் காண்பது) வெளிப்பாடும் (அதற்கு மனதிலேயே உருவம் கொடுப்பது) அவருக்கு ஒன்றே, தர்க்கத்துக்கு முன்னால் வரும் முதல் அறிவு. எனக்கு முழுக்கச் சரி என்று படுகிறது.

உளிச்சத்தம்:
பாதிதான் சரி. படம் மனதிலேயே முடிந்துவிடுகிறது, சாயமும் சுவரும் அதைப் பாதுகாத்துப் பிறருக்குக் காட்டும் ஏற்பாடு மட்டும்தான் என்கிறாரே, அதை ஏன் விட்டீர்கள்? நான் மரம் செதுக்குகிறவன். போன மாதம் ஒரு குதிரைத் தலை செய்யும்போது பிடரி வரவேண்டிய இடத்தில் கணு, உளி வழுக்கியது. சரி என்று ரேகை வளைந்த பக்கமே பிடரியைத் திருப்பினேன், குதிரை திரும்பிப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பார்வை என் மனதில் முன்பே இருந்ததா? சத்தியமாக இல்லை.

நெடுங்கணக்கு:
கணுவைப் பார்த்த நொடியில் புதுக் குதிரை மனதில் வந்துவிட்டது என்பார். லியனார்டோ டா வின்சி மடத்துச் சுவரில் வரைந்த 'இறுதி இராவுணவு' ஓவியத்தின் முன்னால் தூரிகையே தொடாமல் நாள்கணக்கில் நின்றதையும் மடத்துத் தலைவர் அதில் கடுப்பானதையும் அவரே உதாரணம் காட்டுகிறார்.

உளிச்சத்தம்:
அது எனக்குத்தான் உதவும்! ஈரச் சாந்தில் வரைந்திருந்தால் காய்வதற்குள் முடித்தாக வேண்டும், நின்று யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. லியனார்டோ காய்ந்த சுவரில் வரைந்தார், அதனால்தான் நிற்க முடிந்தது. அதே முறையால்தான் அவர் உயிரோடு இருக்கும்போதே படம் உதிரவும் ஆரம்பித்தது.

மூன்றாம்பிறை:
இடையில் வருகிறேன். "உண்மையான வரலாறு எல்லாமே சமகால வரலாறு" என்றவரும் இவர்தானே, அதாவது பழையதை இன்றைய மனதில் மறுபடி வாழ்ந்து பார்த்தால்தான் வரலாறு. கற்கால மனிதனை அறிய மனதுக்குள் அவனாக ஆகிப் பார், முடியாவிட்டால் மண்டையோடுகளை வகைப்படுத்திக்கொண்டிரு என்கிறார். தொல்லியல்காரர்களை இதைவிட மட்டம் தட்ட முடியாது.

உளிச்சத்தம்:
அவர்களில் சிலர் சிக்கிமுக்கிக் கல்லைத் தாங்களே தட்டித் தட்டிக் கருவி செய்து பார்க்கிறார்கள். எந்தக் கோணத்தில் அடித்தால் சில்லு பெயரும் என்பது விரலில் ரத்தம் வந்தால்தான் தெரியும். கற்கால ஆளாக ஆக அவர்கள் பிடித்த வழி அது, நாற்காலியில் உட்கார்ந்து இல்லை.

நெடுங்கணக்கு:
அந்தச் சுவர் விஷயம்தான் இடிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், குதிரை திரும்பிப் பார்ப்பதைக் கண்டது யார், மரமா?

உளிச்சத்தம்:
என் மகள். நான் கணுவை மறைக்கத்தான் பார்த்தேன். "அப்பா, இது யாரையோ பாக்குது"ன்னு அவள்தான் சொன்னாள்.