இருபது வருடம் தொடாத பணம்: தங்கமா, விளைநிலமா?

கேள்வி:
கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இருபது இருபத்தைந்து வருடத்துக்கு அதைத் தொடப் போவதில்லை, இரண்டு பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கம் என்கிறார்கள், எனக்கு விளைநிலத்தின் மேல் ஒரு கண். விவசாயம் தெரியாது, குத்தகைக்குத்தான் விட வேண்டும். எது மதிப்பைக் காப்பாற்றும்? பாதிக்குப் பாதி போடு என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், காரணம் வேண்டும்.

பதில் 1:
நிலம்தான், யோசிக்கவே வேண்டாம். தங்கம் குட்டி போடாது, வைத்த எடைதான் இருக்கும். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு எழுதிய 2011ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் ஒரு கணக்குப் போட்டார்: உலகத்தில் இருந்த தங்கம் சுமார் 1,70,000 டன், மொத்தத்தையும் உருக்கி ஒரே கனசதுரமாக வார்த்தால் பக்கத்துக்கு 68 அடிதான், அன்றைய விலைக்கு அதை விற்றால் அமெரிக்காவின் மொத்த விளைநிலம் 40 கோடி ஏக்கரையும் வாங்கி, எக்ஸான் மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனி மாதிரி 16 கம்பெனியையும் வாங்கி, அப்புறமும் 1 லட்சம் கோடி டாலர் மிஞ்சும். நிலம் வருடா வருடம் விளையும், கனசதுரம் சும்மா நிற்கும்.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் உழுவது யார் என்று அதில் இல்லையே. நான் பத்து வருடம் குத்தகைக்கு விட்டவன். ஒரு வருடக் குத்தகைக்காரர் தொழு உரம் போட மாட்டார், அதன் பலன் இரண்டு மூன்று வருடம் நின்று வருவது, அடுத்த வருடம் நிலம் யார் கையிலோ என்று அவர் நினைப்பதில் தப்பும் இல்லை. என் நிலத்தில் உப்புத் தண்ணீரையே பாய்ச்சியிருக்கிறார்கள், காய்ந்ததும் வரப்போரமெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. நான் போய்ப் பார்த்ததே மூன்று வருடம் கழித்துத்தான்.

இன்னொன்று. 1946இல் ஜப்பான் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தத்தில், வேறு ஊரில் உட்கார்ந்து குத்தகை வாங்கியவர்களின் நிலத்தை அரசு கட்டாயமாக வாங்கி உழுதவர்களுக்கே விற்றது. கொடுத்த விலையைப் பணவீக்கம் தின்றுவிட்டது. நீங்களும் அந்த வரிசையில்தான் நிற்கப் போகிறீர்கள். ஒரு கிலோ தங்கமோ கைப்பேசியைவிடச் சின்னது, எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பதில் 3:
கிளம்பலாம், அரசு விட்டால். 1933இல் அமெரிக்க அரசு மக்களிடமிருந்த தங்கத்தை அவுன்ஸுக்கு (சுமார் 31 கிராம்) 20.67 டாலர் கொடுத்துக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது, அடுத்த வருடமே விலையை 35 ஆக்கியது. விலையும் ஒரே சீராக ஏறவில்லை. 1980 ஜனவரியில் 850 டாலருக்கு வாங்கியவர் அதே எண்ணை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தார், இடையில் விலையில் கிட்டத்தட்ட எழுபது சதவீதம் போய்விட்டது, பணவீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் வயிறு எரியும். உங்கள் கணக்கும் இருபத்தைந்து வருடம்தானே?

கேட்டவர்:
உப்பு பூத்த கதைதான் என்னை யோசிக்க வைக்கிறது. மாதம் ஒரு முறை போய் வரப்பில் நிற்க முடியுமா என்றால், முடியாது. ஐந்து வருடக் குத்தகையாகப் போட்டால் உரம் போடுவாரா?

பதில் 2:
போடுவார், எழுத்தில் இருந்தால். மண்ணையும் தண்ணீரையும் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். அப்புறம், பிள்ளைகள் இரண்டு பேர் என்கிறீர்கள்: தங்கத்தைக் கிராம் கணக்கில் பிரித்துவிடலாம், கிணறு யார் பங்கில் வரும்?