மஹு 64 முறை தப்பித்ததில் சிலவற்றை நேரில் பார்த்தேன்

2010 ஜூன் 23, புதன்கிழமை. அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். விம்பிள்டன் டென்னிஸ் பார்க்க விடியற்காலையிலேயே விம்பிள்டன் பூங்காவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தும், வெளிக் கோர்ட்டுகளைப் பார்க்கும் டிக்கெட்தான் கிடைத்தது. சரி, அதுவே போதும் என்று உள்ளே போனேன்.

மதியத்துக்கு மேல் ஒரே பேச்சு: பதினெட்டாம் கோர்ட்டில் ஐந்தாவது செட் முடியவே இல்லை. அப்போதெல்லாம் அந்தக் கடைசி செட்டை வெல்ல இரண்டு கேம் முன்னிலை வேண்டும்; அது கிடைக்கும்வரை ஆட வேண்டியதுதான். ஆடவர் ஒற்றையர் முதல் சுற்று. அமெரிக்காவின் ஜான் இஸ்னர், பிரான்ஸின் நிக்கோலா மஹு. முந்தைய நாள் ஆளுக்கு இரண்டு செட் என்று இருட்டில் நிறுத்திய ஆட்டம். அந்தக் கோர்ட்டில் 782 இருக்கைகள்தான். ஒருவர் எழுந்து வந்தால்தான் அடுத்தவர் போகலாம். ஆனால் யார் எழுந்து வருவார்? வெகுநேரம் நின்றுதான் இடம் கிடைத்தது.

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஸ்கோர்போர்டு 47-47இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ண அதைத் தயார் செய்திருக்கவில்லை. அப்புறம் நடுவர் முகமது லஹ்யானி சொல்லும் கணக்குதான். அவரும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

எல்லோரும் இஸ்னரின் ஏஸ்களை, அதாவது எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸ்களைப் பற்றிப் பேசுவார்கள். மொத்தம் 113. ஆறே முக்கால் அடி உயரத்திலிருந்து இறங்கும் சர்வீஸ். மாலையில் நடக்கவே சிரமப்பட்டார், சர்வீஸ் மட்டும் குறையவில்லை. என் கண் போனது மஹு பக்கம். ஐந்தாவது செட்டில் இஸ்னர் முதலில் சர்வீஸ் போட்டதால், மஹு எப்போதும் ஒரு கேம் பின்தங்கியே பந்தைக் கையில் எடுத்தார். அந்த கேமை விட்டால் ஆட்டமே போச்சு. 4-5இல் தொடங்கிய இந்த நெருக்கடியை 64 முறை தாண்டினார். நான் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரோ நாற்காலிக்குத் துள்ளி ஓடினார், எட்டாத பந்துக்குப் புல்லில் பாய்ந்து விழுந்து எழுந்தார். இத்தனைக்கும் தகுதிச் சுற்று ஆடி வந்தவர். அங்கேயும் ஒரு செட்டை 24-22 என்று வென்றிருந்தார்.

59-59. மணி ஒன்பதைத் தாண்டி, பந்து தெரியவில்லை என்று நிறுத்தினார்கள். கூட்டம் இன்னும் வேண்டும் என்று கத்தியது. நானும்தான். தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினேன்.

மறுநாள் எனக்குத் தேர்வு இருந்தது. முடிவை ஒரு கடையின் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 70-68. 11 மணி 5 நிமிட ஆட்டம், மூன்று நாள். இஸ்னர் தரையில் சாய்ந்தார். மஹு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

இஸ்னர் அடுத்த சுற்றில் மூன்றே செட்டில் தோற்றார்; உடம்பில் எதுவும் மிச்சமில்லை. இப்போது ஐந்தாவது செட் 6-6 ஆனால், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் பத்தை எட்டுபவர் வெல்லும் டை-பிரேக் வந்துவிடுகிறது. ஆட்டக்காரர்களின் உடம்புக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன்.

2016இல் மஹு அதே விம்பிள்டனில் சக பிரெஞ்சு வீரர் எர்பேருடன் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்ற அன்று, வீட்டில் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.