'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தில் காதல் எங்கே இருக்கிறது?

கேள்வி – குன்னூரிலிருந்து:
ஐப்பசி மழையில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் ஆறு பேர் கூடி 1940-இல் வெளிவந்த இப்படத்தைப் பார்த்தோம். காதல் நகைச்சுவை என்றார்கள். ஆனால் பெரும்பகுதி நிருபர்கள் சீட்டாடும் ஒரே அறையில் நடக்கிறது, வெளியே ஒருவனுக்குத் தூக்குமேடை தயாராகிறது. துணைவரியைப் படித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் பேசிவிடுகிறார்கள். எதைத் தவறவிட்டோம்?

பதில் – உதகையிலிருந்து:
அந்த ஒரே அறை மேடையிலிருந்து வந்தது. பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் இருவரும் எழுதி 1928-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'தி ஃப்ரன்ட் பேஜ்' நாடகமே மூலம். அதில் நிருபர் ஹில்டி ஜான்சன் ஆண்; வேலையை உதறிவிட்டுத் திருமணம் செய்துகொள்ளப் போகும் அவனைப் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். 1931-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த படத்திலும் அப்படித்தான். நீங்கள் பார்த்த படத்தை இயக்கிய ஹவர்ட் ஹாக்ஸ், ஹில்டியின் வசனத்தை ஒரு பெண் வாசிக்கக் கேட்டபோது அது இன்னும் நன்றாக இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹில்டியைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கியதும், பழைய முதலாளி–தொழிலாளி இழுபறி அப்படியே காதலாகிவிட்டது.

பதில் – கோத்தகிரியிலிருந்து:
மேலே சொன்னதோடு ஒரு காட்சியைச் சேர்க்கிறேன். தப்பியோடிய கைதியை மூடி போட்ட பெரிய மேசைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஹில்டியாக வரும் ரோசலிண்ட் ரஸ்ஸல் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். மணக்கவிருக்கும் புரூஸ் அருகில் நின்று, ஒன்பது மணி ரயிலுக்கு வருகிறாயா இல்லையா என்று மன்றாடுகிறான். இவர் நிமிர்ந்து பார்க்காமலேயே ஏதோ பதில் சொல்கிறார், அவன் போனதுகூட இவருக்கு உறைப்பதில்லை. எதிரே ஆசிரியராக வரும் கேரி கிராண்ட் தொலைபேசியில் முதல் பக்கத்தையே மாற்றச் சொல்லிக் கத்துகிறார். ஒரே வேகத்தில் ஓடக்கூடியவர்கள் இந்த இருவர் மட்டுமே என்பதுதான் காதல், அதை யாரும் வாயால் சொல்வதில்லை. (குடையும் மழைச் செருப்புமாக அலையும் புரூஸைப் பார்த்து அமெரிக்கர்கள் சிரிக்கலாம், நம் மலையில் அவனைப் புத்திசாலி என்போம்.)

பதில் – கொடைக்கானலிலிருந்து:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. கைதிக்காகப் பரிந்து பேசிய மோலி, நிருபர்களின் நச்சரிப்பு தாங்காமல் சன்னலிலிருந்து குதிக்கிறாள். சற்று நேரத்திலேயே படம் பழைய கும்மாளத்துக்குத் திரும்பிவிடுகிறது. நாடகத்தின் கசப்பு அங்கே அப்படியே இருக்கிறது, அதன்மேல் விரித்த காதல் கம்பளத்துக்கு அந்த இடத்தில் மட்டும் நீளம் போதவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புரூஸ் வெளியேறியதை நாங்களும் கவனிக்கவில்லை. துணைவரியில்தான் கண் இருந்தது. அடுத்த ஞாயிறு துணைவரியை அணைத்துவிட்டு, அந்தத் தட்டச்சுக் காட்சியை மட்டும் மறுபடி போடப்போகிறோம்.