ஏ/எல் (இலங்கையின் உயர்தரப் பரீட்சை) முடிந்தது. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு ஏஜென்டிடம் காசு கட்டலாமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
வணக்கம். கணிதப் பிரிவு, தமிழ் மூலம் படித்தேன். இரண்டு ஏ, ஒரு பி. அரச பல்கலைக்கழக அனுமதிக்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு என் இசட் புள்ளி (தரப்படுத்திய பரீட்சைப் புள்ளி) காணாது, பொறியியல் கிடைக்காது. அப்பா புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை செய்கிறார். தனியார் கம்பஸ் கட்டணம் எங்களுக்கு எட்டாது. வெள்ளவத்தையில் ஒரு ஏஜென்சி, "வெளிநாட்டில் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம், முதலில் இரண்டரை லட்சம் கட்டுங்கள்" என்கிறது. அம்மா சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா. கட்டலாமா? முழுச் செலவும் கிடைத்துப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஒசாகா அக்கா:
தம்பி, அம்மாவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கட்டும். நான் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் போய்ப் படித்தவள். விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டவில்லை. கொழும்பு 7, கிரகரிஸ் வீதியிலுள்ள ஜப்பான் தூதரகம் வழியாகத்தான் எல்லாம். கல்விக் கட்டணம் கிடையாது, விமானச் சீட்டு தருவார்கள், மாதம் 117,000 யென் கைக்கு வரும். முதல் வருடம் முழுக்க மொழி, நான் அதை ஒசாகாவில் படித்தேன். பிறகு நான்கு வருடம் பட்டப்படிப்பு.

எழுத்துப் பரீட்சைக்குத்தான் உழைக்க வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. கணிதத் தாளுக்கு ஒரு மணித்தியாலம், விடையை மட்டும் பெட்டிக்குள் எழுத வேண்டும். எங்கள் இணைந்த கணிதத்தில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. அங்கே கடைசி வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டாலும் அந்தக் கேள்வி போச்சு. பழகும்போது எனக்குப் பாதிக் கேள்விகள் அப்படித்தான் போயின.

தமிழ் மூலம் என்று பயப்படாதீர்கள், நானும் அப்படித்தான். கணக்கு தெரியும், ஆங்கிலத்தில் வரும் கேள்விதான் விளங்காது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, இடப்பக்கம் தொகையீடு, காவி, உந்தம், ஒட்சியேற்றம் என்று எழுதினேன். வலப்பக்கம் இன்டெக்ரேஷன், வெக்டர், மொமென்டம், ஒக்சிடேஷன். பஸ்ஸில் அதைத்தான் புரட்டுவேன், மூன்று மாதத்தில் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. ஜப்பானிய மொழித் தாளும் உண்டு. எனக்கு ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகள் மட்டும்தான் தெரியும். தெரிந்ததை எழுதிவிட்டு வந்தேன், தெரிவானேன்.

ஆனால் ஒரு வருடத்தை இழந்த பிறகுதான். பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தை ஆங்கிலத்துக்கு மாற்றியவர், அப்பாவின் பெயரில் வரும் 'த'வுக்கு T மட்டும் போட்டுவிட்டார். கடவுச்சீட்டில் TH. அதைத் திருத்திக் கையில் எடுப்பதற்குள் முடிவுத் திகதி கடந்துவிட்டது. அன்றைக்கு அழுதது இன்னும் நினைவிருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டையும் கொண்டுபோய், அதே எழுத்தைப் போடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அக்கா சொல்வது சரி. பிரித்தானிய அரசின் செவனிங், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் என்று ஏஜென்ட் ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். செவனிங் பட்டம் முடித்து வேலை அனுபவமும் உள்ளவர்களுக்கு, ஃபுல்பிரைட்டும் பட்டதாரிகளுக்குத்தான். உங்களுக்குப் பொருந்துவது இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில். அதில் பொறியியலும் உண்டு, மருத்துவம் இல்லை. காலி வீதியிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். துருக்கி அரசின் புலமைப்பரிசிலும் நல்லது. வழக்கமாக ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை விண்ணப்பம். வயது 21க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நன்றி அக்கா, நன்றி சேர். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் பேசாமல் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டா. ஏ/எல் சான்றிதழை ஆங்கிலத்தில் எங்கே எடுப்பது?

ஒசாகா அக்கா:
பெலவத்தை பரீட்சைத் திணைக்களத்தில். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இன்றைக்கே போடுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
போட்டுவிட்டேன். கொப்பியும் வாங்கியாச்சு. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன் அக்கா. சடத்துவத் திருப்பத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஒசாகா அக்கா:
மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா.