புக்கிட் தீமாவா, செஸ்ட்நட்டா? மலை மிதிவண்டியை எங்கே ஓட்டிப் பழகுவது?

தெம்பனிஸ்வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் அதையொட்டிய பூங்கா இணைப்புப் பாதைகளிலும் நீண்ட காலமாக மிதிவண்டி ஓட்டி வருகிறேன். பதினான்கு வயது மகனுக்கு மலை மிதிவண்டியில் ஆர்வம் வந்திருப்பதால், இருவருமாக மண்பாதையில் ஓட்டிப் பழக விரும்புகிறோம். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் தொடங்குவதா, செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் தொடங்குவதா? மெக்ரிட்சி காட்டுப் பாதைகளில் மிதிவண்டிக்கு இடமில்லை என்னும்போது புக்கிட் தீமாவில் மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள் என்று மகன் கேட்கிறான். மழை பெய்த மறுநாள் போகலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்சக்கரம்:
வணக்கம் ஐயா. செஸ்ட்நட்டிலேயே தொடங்குங்கள். 81 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்கா 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் அங்கே தனித்தனிப் பாதைகள் இருப்பதால், திருப்பத்தில் யார் மீதாவது மோதிவிடுவோமோ என்ற பதற்றம் பெரிதும் குறையும். தெற்குப் பகுதியின் மிதிவண்டிப் பாதை 1.6 கிலோமீட்டர்தான்; அது கைவந்த பிறகு வடக்கே உள்ள 6.6 கிலோமீட்டருக்குப் போகலாம். மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் பயிற்சித் தடம் ஒன்றும் உண்டு. பெடலை மிதிக்காமல், கைகால்களை மடக்கி நீட்டியே வேகம் எடுக்கும் வித்தையை உங்கள் மகன் உங்களுக்கு முன்பே பிடித்துக்கொள்வான்.

புக்கிட் தீமா பாதை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் செங்குத்தானவை. கற்களும் வேர்களும் அதிகம்.

அனுமதியைப் பொறுத்தவரை, மெக்ரிட்சி காடு மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சேர்ந்தது; அதன் காட்டுப் பாதைகளில் மிதிவண்டிக்கு இடமில்லைதான். புக்கிட் தீமாவிலும் காடு முழுவதும் மிதிவண்டிக்குத் திறந்துவிடப்படவில்லை. உச்சிக்குச் செல்லும் பாதைகள் நடப்பவர்களுக்கே உரியவை, மிதிவண்டிப் பாதை காட்டின் விளிம்பை ஒட்டியே போகிறது. 1980களில் விரைவுச்சாலை அமைந்தபோது அந்தச் சிறிய காடு நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டிக்கப்பட்டது. விலங்குகள் கடப்பதற்கென்றே சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளப் பசுமைப் பாலம் ஒன்றை 2013இல் கட்டி முடிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். செஸ்ட்நட், டெய்ரி ஃபார்ம் போன்ற இயற்கைப் பூங்காக்களை உருவாக்கியதே, கூட்டத்தின் சுமையைத் தாங்கள் வாங்கிக்கொண்டு உள்காட்டைக் காப்பதற்காகத்தான்.

வேர்ப்பாதை:
மழையைப் பற்றி நான் சொல்கிறேன். மறுநாள் என்று பொதுவாகக் கணக்கு வைக்க முடியாது. மர நிழலில் உள்ள களிமண் வெயில் படாமல் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். முதல் சில மீட்டரிலேயே டயர்க் கட்டைகளுக்கு இடையில் மண் அப்பிக்கொண்டு, சக்கரம் போன தடம் வாய்க்கால்போல் பள்ளமாகத் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில்தான் அடுத்த மழைநீர் ஓடி மண்ணை அரித்து வேரை வெளியே கொண்டுவரும். சேறு தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் இதைவிடக் கெடுதல். ஒருவர் ஓரமாகப் போனால் பின்னால் வருபவர்களும் அதே வழியில் போக, ஒற்றையடிப் பாதை அகன்று, ஓரத்தில் முளைத்த கன்றுகள் நசுங்கிவிடும்.

ஈர வேரைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். நேர்குறுக்காக, பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். இன்னொன்று, ஹேண்டில்பாரில் உணவுப் பையைத் தொங்கவிட்டு நிறுத்தாதீர்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான்.

தீவுக்காரன்:
செஸ்ட்நட் நல்ல யோசனைதான் என்றாலும், தெம்பனிஸில் இருப்பவர் தீவின் மறுகோடிக்கு ஏன் போக வேண்டும்? சாங்கி படகுத்துறையிலிருந்து பம்போட் எனும் சிறு படகில் புலாவ் உபின் தீவுக்குப் போய்விடலாம். கெத்தாம் மலை மிதிவண்டிப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பாதை, கடினத்துக்கு ஏற்ற அடையாளப் பலகைகளுடன். படகில் மிதிவண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. துறைக்கு அருகிலேயே வாடகை வண்டிகள் கிடைக்கும், ஆனால் அவற்றில் பல சாதாரண வண்டிகள். பிரேக்கைச் சோதிக்காமல் எடுக்க வேண்டாம்.

தெம்பனிஸ்வாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. உபின் எங்களுக்கு வசதியாகத் தோன்றுகிறது. பின்னர் செஸ்ட்நட்டுக்குப் போகும்போது வண்டிகளை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற விடுவார்களா?

செம்மண்சக்கரம்:
மடக்கு மிதிவண்டிகளுக்கு மட்டுமே அனுமதி, ஐயா. காரின் பின்புறம் மாட்டும் தாங்கி ஒன்று வாங்கிவிடுங்கள். செஸ்ட்நட்டில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. வார இறுதி என்றால் காலை ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது.