கிளைக்காலிசிஸின் கடைசி நாலு படியும் எங்கள் வீட்டுப் புளியங்கொட்டையும்

பென்னாகரம்:

கிளைக்காலிசிஸ், பத்தாம் வகுப்பில் 'குளுக்கோஸ் பிளப்பு' என்று ஒரே பத்தியில் படித்து முடித்த பாடம். ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ் உடைந்து, மூன்று கார்பன் உள்ள பைருவேட் இரண்டு கிடைக்கும், அவ்வளவுதான். தருமபுரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு பத்திக்குள் பத்துப் படியும் பத்து நொதியும் இருப்பது தெரிந்தது. முன்பாதி எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கடைசி நாலு படிதான் மனதில் நிற்கவே இல்லை. 3-பாஸ்போகிளிசரேட், 2-பாஸ்போகிளிசரேட், பாஸ்போஈனால்பைருவேட் எல்லாம் காதில் ஒன்றுபோலவே விழும். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இந்தப் பெயர்களே ஒரு மலை.

அந்தப் படிகளை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுத் திண்ணையில், போனில் ஓடிய என்பிடெல் காணொலியில். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடம் காசில்லாமல் கிடைக்கிறது என்று கல்லூரி மேடம்தான் சொல்லி அனுப்பினார். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் புளி வேலை நடக்கும். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா, அத்தை, ஆயா மூவரும் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு, கையால் கொட்டை எடுப்பேன்.

பேராசிரியர் நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் ஆங்கிலம் புரிந்து, வேதியியல் புரிந்து, கார்பன் எண் நினைவில் நிற்பதற்குள் அவர் அடுத்த படிக்குப் போய்விடுவார். நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒருநாள் என்னை அறியாமல் மூன்று கொட்டைகளை வரிசையாக வைத்தேன். மூன்று கார்பன். பாஸ்பேட்டுக்குப் பதிலாக உடைந்த ஓட்டுத் துண்டு இரண்டை எடுத்து முதல் கொட்டை மேல் ஒன்று, மூன்றாவது மேல் ஒன்று வைத்தேன். இதுதான் 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட். முதல் கொட்டை மேலிருந்த ஓட்டை எடுத்து ADP-க்குக் கொடுத்தால் ஒரு ஏடிபி (ATP, செல் செலவழிக்கும் சக்திக் காசு) தயார். இது ஏழாவது படி, பாஸ்போகிளிசரேட் கைனேஸ் செய்யும் வேலை. மிச்சம் இருப்பது மூன்றாவது கொட்டை மேல் ஓடு உள்ள 3-பாஸ்போகிளிசரேட். எட்டாவது படியில் மியூட்டேஸ் நொதி, பாஸ்பேட்டின் இடத்தை மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுகிறது. நானும் ஓட்டை நகர்த்தி வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏன் கண்ணு அத அங்க நகத்துற? எடுக்கத்தான போற, அங்கயே எடுத்துர வேண்டிதான?"

எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. அதுதான் சரியான கேள்வி. எந்தப் புத்தகத்திலும் நான் கேட்டுப் பார்க்காத கேள்வி. அந்தக் காணொலியைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். பதில் அதிலேயே இருந்தது, நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஒரு மோல் ஏடிபி உண்டாக்க, திட்ட நிலையில், 30.5 கிலோஜூல் வேண்டும். 2-பாஸ்போகிளிசரேட்டிலிருந்து பாஸ்பேட்டை நேராகக் கழற்றினால் கிடைப்பது 17.6 தான். போதாது. அதனால் செல் ஒரு வேலை செய்கிறது. பாஸ்பேட்டை நடுக் கார்பனுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்பதாவது படியில் ஈனோலேஸ் நொதியால் ஒரு தண்ணீர் மூலக்கூறை உருவி எடுக்கிறது. இரண்டாவது கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன், மூன்றாவதிலிருந்து ஓஎச். இப்போது அது பாஸ்போஈனால்பைருவேட். அதே பாஸ்பேட்டை இப்போது கழற்றினால் 61.9 கிலோஜூல்! தண்ணீர் ஒன்று போனதில் மூன்றரை மடங்கு.

வெளியிலிருந்து யாரும் சக்தி கொண்டுவந்து போடவில்லையே, எப்படி? இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. மூங்கிலை வளைத்துக் கயிற்றால் கட்டி வைத்தது மாதிரி, பாஸ்பேட் அந்த மூலக்கூறை ஈனால் என்ற வடிவத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. அந்த வடிவம் அதற்கு உவப்பானதில்லை. பத்தாவது படியில் பைருவேட் கைனேஸ் பாஸ்பேட்டை எடுத்து ADP-க்குக் கொடுத்ததும் கட்டு அவிழ்கிறது, மூலக்கூறு கீட்டோ வடிவத்துக்குத் துள்ளிப் போய்விடுகிறது. அதுதான் பைருவேட். அதனால்தான் அந்தப் படி செல்லுக்குள் திரும்பி வராது. ஒரு குளுக்கோஸிலிருந்து மூன்று கார்பன் துண்டு இரண்டு வருவதால், ஏழாவது படியில் இரண்டு, பத்தாவதில் இரண்டு என்று நாலு ஏடிபி. ஆரம்பத்தில் செலவழித்த இரண்டைக் கழித்தால் கையில் நிற்பது இரண்டு.

இதை நான் எழுத வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த ஒன்பதாவது படி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

ஆயாவுக்குச் சர்க்கரை. ஊரில் நடந்த ஒரு முகாமில் காலையில் விரலில் குத்திப் பார்த்தபோது வெறும் வயிற்றில் 162. அப்போதே நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாலையில் வந்த சீட்டில் 121. ஆயாவுக்கு ஒரே சந்தோஷம், மாத்திரையே வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார். நான் விசாரித்தேன். எதுவும் கலக்காத சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அப்படியே நாலு மணி நேரம் பெட்டியில் கிடந்து போயிருக்கிறது.

ரத்தச் சிவப்பணு குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது. அது குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த நாற்பது எங்கே போனது என்று தெரிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடிக் குழாய். அதில் இருப்பது சோடியம் ஃபுளோரைடு. ஃபுளோரைடும் பாஸ்பேட்டும் சேர்ந்து, ஈனோலேஸ் வேலை செய்யத் தேவையான மக்னீசியத்தை நொதிக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒன்பதாவது படி நின்றுவிடும். ஆனால் அடைப்பு விழுவது கடைசியில் என்பதால், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முன்படிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், குளுக்கோஸ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். படிகளின் வரிசை தெரிந்தால்தான் இது புரியும்.

ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பல்தான் நினைவுக்கு வரும். எனக்கும் முன்பல்லில் பழுப்புக் கோடு உண்டு. போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பல். அத்தைக்கு முட்டி மடங்காது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு பிறந்த என் தம்பிக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. அப்படியானால் நம் உடம்புக்குள்ளும் ஈனோலேஸ் நின்றுபோயிருக்குமா என்று மேடத்திடம் கேட்டேன், கொஞ்சம் பயத்தோடுதான். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். சாம்பல் மூடிக் குழாயில் இருப்பது லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். பல்லில் கறை விழுவது, பல் உருவாகும் சின்ன வயதில் எனாமல் கெட்டிப்படுவதை ஃபுளோரைடு கெடுப்பதால். எலும்பிலும் அது சேர்ந்துவிடுகிறது. ஈனோலேஸ் நிற்பதால் அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார்.

ஆயாவை மறுவாரம் தருமபுரிக்கு அழைத்துப் போய், சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லி, கையோடு பரிசோதிக்க வைத்தேன். 158. மாத்திரை திரும்ப ஆரம்பித்தாகிவிட்டது.

கிருஷ்ணகிரி:

பென்னாகரம் தங்கச்சி, நீ பத்தாவது படி என்று ஒரு வரியில் கடந்துபோன நொதிதான் எங்கள் குடும்பத்தை மூன்று வருஷம் அலைய வைத்தது.

என் அக்கா மகனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் மஞ்சள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தோம், மந்திரிக்கவும் செய்தோம். முதலில் காட்டிய இடத்தில் கல்லீரலுக்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் வெளிறிப் போய், இடது விலாவுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்பட ஆரம்பித்த பிறகு பெங்களூரு கொண்டுபோனோம். கல்லீரலில் ஒன்றும் இல்லை, சிவப்பணு உடைகிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, பைருவேட் கைனேஸ் குறைபாடு என்று சொன்னார்கள். அக்காவும் மாமாவும் அத்தை மகன், மாமா மகள். இருவரிடமும் அந்தக் குறையுள்ள மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது.

நான் நர்சிங் முடித்தவள். ஆனாலும் அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கிளைக்காலிசிஸ் காணொலியை முதலிலிருந்து பார்த்தேன். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதற்கு ஏடிபி கிடைக்க இந்த ஒரு வழிதான். கடைசிப் படி சரியாக நடக்கவில்லை என்றால் சவ்வைக் காப்பாற்றச் சக்தி இல்லாமல் அணு சீக்கிரமே அழிந்துபோகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதலாக இருந்தது. ஹீமோகுளோபின் எட்டு இருக்கும்போதும் பையன் தெருவில் ஓடி விளையாடுவான், எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடைசிப் படி அடைபட்டால் மேலே உள்ளவை தேங்கி, 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் கூடிவிடுகிறது. அது ஹீமோகுளோபினிடமிருந்து ஆக்சிஜனைச் சுலபமாக விடுவிக்கும். இருக்கிற கொஞ்ச ரத்தமும் திசுக்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. அவனுக்கு இப்போது ஒன்பது வயது. அவ்வப்போது ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. மண்ணீரலை எடுப்பது பற்றி டாக்டர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போச்சம்பள்ளி:

எங்களுக்கு மாந்தோப்பு. பெங்களூரா காய்தான் அதிகம், கூழ் ஃபாக்டரிக்குப் போகும். விலை விழுந்த வருஷத்தில் பழம் மரத்தடியிலேயே கிடக்கும். இரண்டு நாளில் கள் வாசனை வந்துவிடும். பைருவேட்டோடு கதை முடிந்துவிடுவதில்லை என்று நான் புரிந்துகொண்டது அங்கேதான். ஈஸ்ட், பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவை வெளியேற்றி அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது, அதை எத்தனால் ஆக்குகிறது. பென்னாகரம் அக்கா, ஒரு சந்தேகம். பைருவேட்டிலேயே ஏடிபி கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஈஸ்ட் இந்த இரண்டு படியைக் கூடுதலாகச் செய்கிறது? இதில் ஏடிபி எதுவும் வரவில்லையே?

பென்னாகரம்:

தம்பி, ஆறாவது படிக்குப் போய்ப் பார். அங்கே என்ஏடி-பிளஸ் (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் துணை மூலக்கூறு) ஒன்று செலவாகி என்ஏடிஎச் ஆகிறது. செல்லில் என்ஏடி-பிளஸ் கொஞ்சம்தான் இருக்கும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் ஆறாவது படியே நின்றுவிடும், அதோடு கீழே வரும் ஏடிபி-யும் நின்றுவிடும். அசிட்டால்டிஹைடை எத்தனால் ஆக்கும்போது என்ஏடிஎச் மறுபடி என்ஏடி-பிளஸ் ஆகிறது. ஈஸ்டுக்கு வேண்டியது அதுதான், எத்தனால் கழிவு. வேகமாக ஓடும்போது நம் தசையும், எப்போதும் நம் சிவப்பணுவும் இதையே வேறு வழியில் செய்கின்றன: பைருவேட்டை லாக்டேட் ஆக்குகின்றன. காணொலி பார்க்கும்போது ஆறாவதையும் கடைசியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார், தெரியும்.

கிருஷ்ணகிரி அக்கா, பையனுக்கு அடுத்துப் பிறந்த பாப்பா ஒன்று இருந்தால் அதற்கும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.